ஆயிரத்துத் தொள்ளாயிரம் புள்ளி குறைவு

பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை

அன்பு மிக்க மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் மகளும் மூக்குக் கண்ணாடிக் கடையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே எப்படி இருக்கிறோம் என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்து நீயே தீர்மானித்துக்கொள். ஞாயிறுதோறும் போனில் பேசிக்கொள்கிறோமே, கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனில் நான் பேச ஆரம்பித்தால் உன் அக்கா பக்கத்தில் நின்று என் வாக்கியங்களை முடித்து வைத்துவிடுகிறாள், அதுவும் நான் நினைக்காத இடத்தில் கொண்டுபோய். போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் போனைக் கொடுக்கவே இல்லை. நீங்கள் இருவருமே ஏதோ குசுகுசுவென்று பேசினீர்கள். ஆகவே அவள் பல் டாக்டரிடம் போயிருக்கும் நேரம் பார்த்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வாரமாக அவளுக்குப் பல்வலி.

மாப்பிள்ளை, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபதாம் தேதி நாங்கள் வரவில்லை. இதோடு ஆறாவது தடவை உனக்கு இப்படி எழுதுகிறேன் என்பது எனக்கே தெரியும். மாடியில் அக்காவுக்கென்று நீ ஒழித்து வைத்திருக்கும் அறையும் எனக்குத் தெரியும். நீ கடையை மூடிவிட்டு இங்கே வர முடியாது என்பதும் தெரியும். பதினாலு வருஷமாக அவள் உன் முகத்தை நேரில் பார்க்கவில்லை. உன் மகள் பிறந்தபோது பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டரை நாலு தடவை பிரித்து நாலு தடவை பெரிதாகப் பின்னிவிட்டாள். இப்போது அது எனக்கே சரியாக இருக்கும் போலிருக்கிறது. இவ்வளவுக்கும் காரணம் நான் இல்லை, அந்த விமானக் கம்பெனிதான் என்று நிரூபிப்பதற்காகவே இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

என் தொழில் உனக்குத் தெரியும். முப்பது வருஷம் ஆலை ஆலையாகப் போய் எடை இயந்திரங்களைச் சரிபார்த்து முத்திரை வைத்தவன் நான், லாரி ஏறி நிற்கிற எடைமேடையிலிருந்து மருந்துப் பொடி நிறுக்கிற சின்னத் தராசு வரைக்கும். ஒரு கிலோ என்றால் நேற்றும் ஒரு கிலோ, இன்றும் ஒரு கிலோ. ஒரே ராத்திரியில் அதை எழுநூறு கிராம் ஆக்கினால் அந்த ஆலையைப் பூட்ட என் கையெழுத்து ஒன்று போதும். இப்படிப்பட்டவனைத்தான் அந்தக் கம்பெனிக்காரன் பிடித்தான். வேலைக்காக வாரத்துக்கு நாலு நாள் பறந்துகொண்டிருந்த என்னிடம் ஓர் அட்டையை நீட்டி, எங்கள் குடும்பத்தில் ஒருவராகுங்கள், பறக்கப் பறக்கப் புள்ளி சேரும், நாற்பதாயிரம் சேர்ந்தால் உங்களுக்கும் துணைவியாருக்கும் போக வர டிக்கெட் இலவசம் என்றான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். விமானத்தையே கிட்டத்தில் பார்த்திராதவள், எந்தப் புடவை கட்டிக்கொள்வது என்று அன்றைக்கே கேட்டாள்.

முப்பத்தெட்டாயிரம் சேர்ந்தது. அடுத்த மாதம் டிக்கெட் என்று நினைத்திருந்தபோது ஒரு கடிதம் வந்தது, 'உங்கள் சேவையை மேம்படுத்தியிருக்கிறோம்' என்று. மேம்பாடு என்னவென்றால் நாற்பது அறுபதாகிவிட்டது. சரி என்று மறுபடியும் பறந்தேன். அறுபதைத் தொடப் போகும்போது இன்னொரு மேம்பாடு: இனிமேல் தூரத்துக்குப் புள்ளி கிடையாது, டிக்கெட் விலைக்குத்தான் புள்ளி. என் ஆபீசோ இருப்பதிலேயே மலிவான டிக்கெட் எடுக்கும் ஆபீஸ். தொள்ளாயிரம் புள்ளி கிடைத்த அதே பயணத்துக்கு நூற்று நாற்பதுதான் கிடைத்தது. விமானம் அதே உயரத்தில்தான் பறந்தது, எனக்கு முழங்கால் அதே இடத்தில்தான் இடித்தது. நடுவில் என்னை வெள்ளி உறுப்பினர் ஆக்கினார்கள். வெள்ளி உறுப்பினருக்கு முன்னுரிமை வரிசை. அதில் எப்போதும் பதினைந்து பேர் நிற்பார்கள், சாதாரண வரிசையில் ஆளே இருக்காது. அந்த ஆளில்லாத வரிசைக்குப் போகக் கௌரவம் இடம் கொடுக்காமல் வருஷக்கணக்கில் நின்றேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை எல்லாம் கூடி வந்தது. புள்ளி இருந்தது. ஆனால் உன் ஊருக்கு இலவச இருக்கை செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று என்றுதான் இருந்தது. உன் அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நான் செவ்வாக்கிழமை போறேன், நீங்க வியாழக்கிழமை வாங்க. வாரத்துல நாலு நாள் நீங்க வீட்டுல இருந்ததில்ல. ரெண்டு நாள்ல என்ன ஆகிடப் போகுது?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கு என்று சொன்னவன் பக்கத்துப் பக்கத்தில் தரவேண்டாமா, அதற்குப் பெயர் நியாயமா என்று கேட்டேன். அவளிடம் கேட்டேனே தவிர கம்பெனிக்காரனிடம் கேட்க முடியவில்லை. போன் போட்டால் ஐம்பது நிமிஷம் ஒரே பாட்டு. அந்தப் பாட்டு உன் அக்காவுக்கு இப்போது மனப்பாடம், துணி மடிக்கும்போது முணுமுணுக்கிறாள்.

பிறகு ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற மறுமாதமே வெள்ளியிலிருந்து நீலத்துக்கு இறக்கிவிட்டார்கள், 'உங்களை வானில் காணாமல் வாடுகிறோம்' என்று பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்பினார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், பதினெட்டு மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் புள்ளி மொத்தமும் காலாவதி என்று இருந்தது. பறக்காதவன் எப்படி அசைவது? அவர்கள் கடையில் புள்ளியைக் கொடுத்து ஏதாவது வாங்கலாம், அதுவும் அசைவுதானாம். முதல் பதினெட்டு மாதத்துக்கு ஒரு எடை பார்க்கும் இயந்திரம் வாங்கினேன், குளியலறையில் வைத்துக்கொள்வது. இரண்டு கிலோ கூட்டிக் காட்டுகிறது. முப்பது வருஷம் முத்திரை வைத்தவன் வீட்டில் தப்பான தராசு! அதன்மேல் ஏறி நிற்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்.

இப்போது இந்த மாதக் கதைக்கு வருகிறேன். இரண்டு பேருக்கு இப்போது வேண்டியது ஒரு லட்சத்து இருபதாயிரம். என்னிடம் இருந்தது ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூறு. இருபதாம் தேதி விமானத்துக்கு இலவச இருக்கைகளைப் பத்தாம் தேதிதான் திறப்பார்கள். என் புள்ளியோ எட்டாம் தேதி காலாவதி. நடுவில் இரண்டே நாள். என் இடத்தில் யார் இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? ஏழாம் தேதி ஏதாவது வாங்கி அசைந்திருப்பார்கள். நானும் அசைந்தேன். ஊருக்குப் போகப் பெட்டி வேண்டுமே என்று நாலாயிரம் புள்ளிக்கு ஆரஞ்சு நிறத்தில் சக்கரம் வைத்த பெட்டி வாங்கினேன். மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டது, அந்தக் கம்பெனி சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த ஒரே பொருள் அதுதான். உன் அக்கா ஸ்வெட்டரை அதற்குள் வைத்து மூடியும் பார்த்துவிட்டாள். பத்தாம் தேதி காலையில் இருக்கை திறந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு! உடனே என் உறுப்பினர் எண்ணைத் தட்டினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் புள்ளி குறைவு என்று வந்தது. பெட்டியை மறந்துவிட்டேன், மாப்பிள்ளை. எட்டாம் தேதியைத் தாண்டிவிட்ட சந்தோஷத்தில் நாலாயிரத்தைக் கழிக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் பெட்டியை உருட்டிக்கொண்டே அவர்கள் ஆபீசுக்குப் போனேன். டோக்கன் எடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள், அதுதான் இன்னும் மோசம்.

"சார், புள்ளி உங்க சொத்து இல்ல சார். விதியிலயே போட்டிருக்கோம். அது நாங்க அன்பா குடுக்கறது."

"அன்பா குடுக்கறதுக்குக் காலாவதி தேதி எதுக்கும்மா?"

"எல்லாத்துக்கும் ஒரு தேதி இருக்குல்ல சார்" என்றாள், தன் சொந்த விஷயம் எதையோ நினைத்துக்கொண்டவள் போல.

"சரி, இந்தப் பெட்டியத் திருப்பி எடுத்துக்கோங்க."

"தாராளமா குடுங்க சார், வாங்கிக்கறோம். ஆனா புள்ளி திரும்ப ஏறாது."

"அப்புறம் எதுக்கு வாங்கிக்கறீங்க?"

"உங்க திருப்திக்காக சார்."

குறைகிற புள்ளியை விலைக்கு வாங்கலாமாம், ஆனால் பத்தாயிரம் புள்ளிக்குக் குறைந்து விற்க மாட்டார்களாம். இலவச டிக்கெட்டுக்கு நான் பணம் கட்டுவதா என்று எழுந்து வந்துவிட்டேன். அங்கேயே அட்டையை இரண்டாக ஒடித்துக் கவுண்டரில் வைத்தேன். அந்தப் பெண் இரண்டு துண்டையும் பத்திரமாக ஓர் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு ஆளுக்கு எவ்வளவு புள்ளி?" என்று மட்டும் கேட்டாள்.

"அறுபதாயிரம்."

"அப்ப ஒன்பது வருஷமா ஒரு ஆள் போயிருக்கலாம்."

"ஒரு ஆள் போறதுக்கா நான் இவ்வளவு கஷ்டப்பட்டேன்?"

அவள் பெட்டியை வாங்கி நடையில் ஓரமாக வைத்தாள். மறுநாளிலிருந்துதான் பல்வலி.

மாப்பிள்ளை, உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் கஞ்சன் என்று நம் உறவில் ஒரு பேச்சு இருக்கிறது. காசு கொடுத்து டிக்கெட் எடுத்தால்தான் என்ன என்று நீயும் மனதுக்குள் கேட்டிருப்பாய். முதலில் இரண்டாயிரம்தானே குறைகிறது என்று தோன்றியது, பிறகு இவ்வளவு சேர்த்ததை விட்டுவிடுவதா என்று தோன்றியது, அப்படியே வருஷம் போய்விட்டது. ஆனால் அது மட்டும் இல்லை. எத்தனையோ தடவை யார் யார் பக்கத்திலோ உட்கார்ந்து பறந்திருக்கிறேன். ஒரு தடவை முதல் முறையாகப் பறக்கிற ஓர் அம்மா என் பக்கத்தில் இருந்தார். விமானம் தரையை விட்டு ஏறியபோது ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு 'அய்யய்யோ, வீடெல்லாம் பாருங்க' என்று யாரென்றே தெரியாத என் கையைப் பிடித்துவிட்டார். உன் அக்கா அப்படிச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. நியாயம், விதி, பக்கத்துப் பக்கத்து இருக்கை என்றுதான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். அடுத்த ஞாயிறு போனில், தப்பு விமானக் கம்பெனி மேல்தான், மாமா மேல் இல்லை என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் கேட்பாள். அந்தக் கம்பெனி விமானத்தில் இனி என் உயிர் இருக்கும்வரை கால் வைக்க மாட்டேன் என்பதையும் சொல்.

உன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பார்வை மங்கட்டும் என்று வாழ்த்தினால் நன்றாக இருக்காது, வியாபாரம் மட்டும் பெருகட்டும். உன் மகள் நன்றாகப் படித்து நிறைய வளரட்டும், ஆனால் ஸ்வெட்டர் அளவைத் தாண்டாமல் வளரட்டும். உன் மனைவிக்கு என் அன்பான விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் மாமா
(நீல உறுப்பினர், அட்டை உடைந்தது)

பின்குறிப்பு: உறை வாங்க முனைக் கடைக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. நடையில் ஆரஞ்சுப் பெட்டி இல்லை. மேசையில் நான் எழுதி வைத்திருந்த தாள்களின் மேல் ஒரு சீட்டு. பள்ளிக்கூட நூலகத்தில் இருபத்தாறு வருஷம் புத்தகத்துக்குத் தேதி முத்திரை குத்தினவள் இல்லையா, அந்தக் கட்டை இன்னும் அவளிடம் இருக்கிறது. 'தம்பியைப் பார்க்கப் போகிறேன். என் காசில் டிக்கெட் எடுத்துவிட்டேன். பல்லுக்கு ஒன்றும் இல்லை. புள்ளி சேர்ந்ததும் நீங்கள் வாருங்கள்' என்று எழுதி, போகும் தேதி என்ற இடத்தில் இன்றைய தேதியைக் குத்தியிருக்கிறாள். திரும்பும் தேதி என்று எழுதி, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். கடிதம் மொத்தத்தையும் படித்திருக்கிறாள் என்று நினைக்கிறேன், தாள்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. நான் அப்படி அடுக்குகிறவன் இல்லை.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குத்தான் போன் போட்டேன். இன்றைக்குப் பாட்டே வரவில்லை, உடனே எடுத்தார்கள். உன் ஊருக்குப் புள்ளியில் ஒரு இருக்கை கிடைக்குமா என்று கேட்டேன். "வியாழக்கிழமை இருக்கு சார். ஒரே ஒரு ஆள்தானே? ஒரு ஆளுக்கு எப்பவுமே கிடைக்குமே சார்" என்றாள் போன் எடுத்த பெண். எடுத்துக்கொண்டேன்.

ஆகவே மேலே எழுதியிருப்பது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. இருபதாம் தேதி வருகிறேன். தப்பு கம்பெனி மேல் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். தபால் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும் என்பதால் இதை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பேன். நீ இதுவரை படித்துவிட்டு உள்ளே போய், அவளுக்கு ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைத்ததா என்று மட்டும் கேட்டு வந்து சொல். எனக்கு அதைக் கேட்கத் தைரியம் இல்லை.