வெச்சுக்குவோம்

ஓய்வுக் கணக்கர் என்றொரு இனம் உண்டு. வேலையில் இருக்கும்வரை நாளைக்கு என்ன குழம்பு என்றுகூடத் தெரியாது. ரிட்டயர் ஆகப் போகிறோம் என்றதும், இன்னும் பன்னிரண்டு வருஷத்துக் குழம்பை ஒரே தாளில் தாளித்து இறக்கிவிடுவார்கள். நான் முதலில் பார்த்தது 1984-இல். கிளியூரின் முதல் பி.காம். நான்தான், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்த எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணி, தன் கணக்கைச் சரிபார்க்க ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

இந்த இனத்தின் தாரக மந்திரம் "வெச்சுக்குவோம்". அரிசி இன்றைய விலையிலேயே நிற்கும் என்று வெச்சுக்குவோம். கொல்லையில் இருக்கும் கால் ஏக்கர் காப்பி, காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழை பிசகாமல் பெய்த அந்த ஒரு வருஷம் கொடுத்ததையே வருஷா வருஷம் கொடுக்கும் என்று வெச்சுக்குவோம். பையன் மாதம் முந்நூறு அனுப்புவான் என்று வெச்சுக்குவோம். பையன் அப்போது இரண்டாம் தடவையாகப் பத்தாவது எழுதிக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு காய்ச்சல். பல் விழாது. சரி, இவர் எத்தனை வயசுவரை இருப்பார்? அப்பா அறுபத்தெட்டில் போனார், தாத்தா அறுபத்தாறில். சராசரி அறுபத்தேழு, சாராயம் தொடாததற்கு ஒரு மூன்று, ஆக எழுபது. ஆண்டவருக்கே இவ்வளவு தெளிவாகத் தெரியுமா என்பது சந்தேகம்.

கடைசி வரியை விரலால் தட்டினார். வயது எழுபது. பி.எஃப். மீதி, சைபர்.

"பாரு சாமி, ஒத்தப் பைசா வீணில்ல."

கூட்டினேன், கழித்தேன், ஒரு தப்பும் இல்லை. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் பி.காம். என்றும் போட்டேன். அதற்குத்தானே படித்தது?

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி இன்பமேரி தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கு நாற்பத்தொன்பது, கணவரைவிட ஒன்பது வயசு இளையவர். அவருடைய தையல் மெஷினும் பதினாறு கோழிகளும் 'இதர வரவு' என்ற பெயரில், ஒரு நாள் ஓய்வில்லாமல், கணவரின் எழுபதுவரை உழைத்துக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, அந்தச் சைபருக்கு அடுத்த நாளு நானு எங்கீங்க?"

தேவசிகாமணி என்னைப் பார்த்தார். நான் என் பி.காம்.-ஐப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போறதா..." என்று இழுத்தார்.

"எங்கம்மாளுக்கு எம்பத்தி நாலு. இன்னும் வெறகு சொமக்குதுங்க. அதையும் வெச்சுக்குங்க." பிறகு, பி.எஃப். பணம் வந்து விழப்போகிற பாஸ்புக்கை மேஜையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினார். "இத நானு வெச்சுக்கறனுங்க."

சிரித்துவிட்டீர்களா? உங்கள் பீரோவில் மடித்து வைத்திருக்கும் தாளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள 'வெச்சுக்குவோம்' எல்லாம் யார் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன? தாளே கிடையாதா? அப்படியென்றால் மனசுக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறீர்கள். அது இன்னும் முற்றிய வகை.

தேவசிகாமணிக்கு இந்த வருஷம் எழுபத்தொன்று. மேல்வரிசையில் பல் இல்லை. ஒண்டிக்கடை முக்கில் முட்டை விற்கிறார். பாஸ்புக் இன்பமேரியிடம் இருக்கிறது.