பழைய நம்பரை அணைக்க மாட்டேன்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கோகுல் அவர்களுக்கு,

வில்பட்டியிலிருந்து உங்கள் மாமனார் தண்டாயுதபாணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை மகாதேவியும் நலம். பூண்டும் நலம், மூடுபனியும் நலம். அங்கே தாரணியும் நீங்களும் நலமாக இருக்க தண்டாயுதபாணியை, அதாவது பழனியில் நிற்கிறவரை, வேண்டுகிறேன்.

மாத முடிவுக்குள் பழைய இணைய முகவரிகளை, அதாவது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் உள்ள பழைய ஐ.பி. நம்பர்களை, அணைத்துவிட்டு எல்லா வீட்டையும் புதிய முகவரிக்கு மாற்றிவிட வேண்டும் என்று, எனக்கு மொத்தமாக லைன் கொடுக்கிற உங்கள் கம்பெனி சார்பில் போனில் உத்தரவு போட்டீர்கள். என்னிடம் இணைப்பு வாங்கியிருக்கும் குடும்பங்களெல்லாம் கோபித்துக்கொண்டு டவுன் கம்பெனிக்கு ஓடினால் நான் திரும்பவும் கேரட் பிடுங்கத்தான் போக வேண்டும்; என் இடுப்பு அதற்கு ஒத்துவராது. ஆகவே அணைக்க மாட்டேன். உலகத்தில் பழைய முகவரி தீர்ந்துவிட்டது என்கிறீர்கள். கொடைக்கானலில் இடம் தீர்ந்துவிட்டது என்றும் என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சொல்கிறார்கள், லாட்ஜ் முளைத்துக்கொண்டேதான் இருக்கிறது.

போன மாதம் நீங்கள் வந்து மூன்று வழி சொல்லிக்கொடுத்தீர்கள், நானும் புரிந்த மாதிரி தலையாட்டினேன். பழசும் புதுசும் அருகருகே ஓடுவது ஒன்று. புதுசைப் பழசுக்குள் பொட்டலம் கட்டி அனுப்புவது இன்னொன்று, வத்தலக்குண்டிலிருந்து பஸ் மேல் பைக்கை ஏற்றிக் கொண்டுவருகிற மாதிரி. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைப்பது மூன்றாவது. ஏரிக்கரையில் கைடு இருக்கிறானே, வெள்ளைக்காரர் பூண்டு மணக்கிறது என்றால் விலை ஜாஸ்தி என்கிறார் என்று மாற்றிச் சொல்வான், அந்த உத்தியோகம். அதற்கும் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனீர்கள். எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். புது முகவரி என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஊரே வண்டிக்கு நம்பர் பிடிக்கிற மாதிரி வந்து நின்றுவிட்டது. பூண்டுக் கொட்டகைக்குக் கேமரா வைத்திருக்கிற பிச்சையம்மாள், "ஏண்ணே, எனக்கு எட்டு மட்டும் வேணாம். எட்டு வந்த வருசந்தேன் பூண்டு அம்புட்டும் அழுகிப்போச்சு" என்றாள். "பிச்சையம்மா, இது நீளமா எழுத்தும் நம்பருமா இருக்கும், அதுவா வரும்" என்றேன். "அதுவா வர்றதுக்கு ஒங்களுக்கு எதுக்குண்ணே மாசாமாசம் துட்டு?" என்றாள். எப்படியோ வெள்ளிக்கிழமை மாற்றினேன். ராகு காலத்தில் மாறக்கூடாது என்று ஊரே வீட்டிலிருக்கும் இணையப் பெட்டியை அணைத்து வைத்துக்கொண்டு, ராகு காலம் முடிந்த நொடியில் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகப் போட்டது. புது நம்பர் கொடுக்கிற என் மெஷின் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. "புது நம்பரு ராசியில்ல, வெரசா பழசப் போடுங்க" என்று வாசலில் கூட்டம். பழைய நம்பர் மெஷினையும் மறுபடி போட்டேன். அன்றிலிருந்து பழசும் புதுசும் அருகருகே ஓடுகின்றன, ஊரும் அமைதி.

ஆகவே நான் உயிரோடு இருக்கும்வரை வில்பட்டியில் பழைய நம்பர் ஓடும். உங்கள் கம்பெனி கேஸ் போடட்டும். கோபமென்றால் நீங்கள் தீபாவளிக்கு வராமலும் இருக்கலாம். தாரணியை மட்டும் அனுப்பிவையுங்கள், முறுக்கு சுற்ற ஆள் வேண்டும்.

சகல சௌபாக்கியங்களும், அறுந்துபோகாத இணைப்பும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
அணைக்காத மாமனார்,
தண்டாயுதபாணி

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு, ஆதாரத்துக்கு ஒரு போட்டோவும் வைக்கலாமே என்று பழைய நம்பர் ஓடுகிற மெஷினிடம் போனேன். விளக்கு எரியவில்லை. "அதப் புடுங்கிட்டுத்தேன் போன வாரத்துல இருந்து கிரைண்டர் போடுறேன். யாரும் ஒண்ணும் கேக்கலையேங்க" என்கிறாள் உங்கள் அத்தை. எல்லாவற்றையும் உங்கள் மொழிபெயர்ப்புப் பெட்டிதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இதை எழுதும்போதே பிச்சையம்மாள் போனில் வருகிறாள்: "பழசத் திரும்பப் போட்ட பொறவுதேண்ணே கேமராவுல படம் பளிச்சுன்னு தெரியுது." ஊருக்குத் தெரிய வேண்டாம். மெஷின் ஓடாமல் பச்சை விளக்கு மட்டும் எரிய ஏதாவது வழி இருந்தால் உடனே சொல்லுங்கள்.