எலிக் கேப்டனும் ஒன்னுமில்லைக்காரரும்

வாசகரே, ஊருக்கு ஒருவராவது தப்பாமல் இருக்கும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். பெயர், ஒன்னுமில்லைக்காரர். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் எதைக் கண்டு மிரண்டாலும் பக்கத்தில் வந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இதெல்லாம் ஒன்னுமில்ல" என்பார். வாசலில் பாம்பு வந்தால், "சாரைதான், ஒன்னுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நாற்காலி மேல் ஏறுவார். ஆஸ்பத்திரியில் பக்கத்து நோயாளிக்கு, "ஊசிதானே, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று தைரியம் சொல்லிவிட்டு, தன் முறை வந்ததும் மாத்திரையாகவே கொடுத்துவிடக் கூடாதா என்று நர்ஸம்மாவிடம் குழைவார். பேய்ப் படத்துக்குப் போனால் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார். கேட்டால், ஏசி காற்று கண்ணில் அடிக்கிறதாம்!

எங்கள் தெருவில் இந்தப் பதவியை வகிப்பவர் குருமூர்த்தி. ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. மதியம் பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் சைரன் ஊதும். ஊதிய மறுநிமிடம் விசிலை எடுத்து, ஆட்களையெல்லாம் விரட்டி ஒதுங்க வைத்து, குனிய வைப்பது இவர் பொறுப்பு. வெடித்தால் எங்கள் வீடுகளில் அலமாரிப் பாத்திரம் ஆடும். நாங்கள் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருப்போம். "பூமியே ஆடுற ஊருய்யா நம்மது. நமக்கு என்ன பயம்?" என்று அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இந்த இனத்துக்கு ஒரு தீனி வேண்டும். பக்கத்தில் யாராவது பயந்தாக வேண்டும். குருமூர்த்தி அந்தத் தீனியை வெளியே தேட வேண்டியிருக்கவில்லை, வீட்டிலேயே கிடைத்தது. போன வருஷம் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறிய அவர் மகள் வேணி, உச்சிக்குப் போனதும் ஓவென்று அழுதுவிட்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. அழுதால் என்ன? ஆனால் மனிதர் அந்தக் கதையை டியூஷன் டீச்சரிடம் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், மினி பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை வாங்கும்போதுகூடச் சொன்னார். கடைசியில் அது பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே அவளுக்குப் பெயரே ராட்டினம் என்றாகிவிட்டது. "ராட்டினம் வருது, வழி விடுங்கடி" என்று பிள்ளைகள் கத்தினால் அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள். எனக்கு அதைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

இந்தக் கோடையில் தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து, திருச்சிக்கு அப்பால் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கிளம்பினோம். பெரம்பலூரில் குருமூர்த்தியின் தங்கை வீட்டுக்காரர் தங்கசாமியை ஏற்றிக்கொண்டோம். வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே திறக்கும் சிறுவாச்சூர் அம்மன் கோயில், வெள்ளிக்கிழமையாதலால் திறந்திருந்தது, இறங்கினோம். சூடம் எரிந்துகொண்டிருந்தபோது வேணி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இன்னிக்கு நான் அழுவாம ரைடு போயிட்டன்னா, ராட்டினக் கதைய இனிமே யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சூடத்த அடிச்சு சத்தியம் பண்ணுப்பா."

"அழுதுட்டன்னா?"

"அப்ப நீ மைக் வச்சு சொல்லிக்க."

கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. சத்தியம் பண்ணாமல் தப்ப வழியில்லை. பண்ணினார். பண்ணிவிட்டு, யாரும் கவனிக்காதபோது ஒரு தேங்காயும் உடைத்தார். கவிதா, அவர் மனைவி, கவனித்துவிட்டாள்.

"ஏங்க, இது யாருக்கு?"

"வண்டிக்கு."

வண்டிக்கு டிரைவர் ஏற்கனவே உடைத்தாயிற்று.

பூங்காவில் பெரிய கூட்டம் 'எலிக் கேப்டனின் ராக்கெட்' முன்னால்தான். மீசை முறுக்கிய ஓர் எலி விண்வெளி உடுப்பில் சல்யூட் அடித்து நிற்கிறது. உள்ளே இருட்டு அறை, பெரிய திரை, பெல்ட் வைத்த நாற்காலிகள். திரையில் எலி ராக்கெட் ஓட்டும், பூனை துரத்தும். அதற்கேற்ப நாற்காலி ஆடும், சரியும், தூக்கிப் போடும். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் முன்னால் பார்த்து நிற்க, குருமூர்த்தி மட்டும் பின்னால் திரும்பி நின்று பாடம் நடத்தினார்.

"சீட்டுக்கு அடியில ஜாக்கி இருக்கும். நம்ம டிப்பர் லாரிக்கு இருக்கறதுதான். படம்தான் ஓடும், நாம ஓட மாட்டோம். ஒன்னுமில்ல!"

"எனக்குப் பயம் மச்சான், நான் வரல. பைய எல்லாம் குடுங்க, பாத்துக்கிறேன்" என்றார் தங்கசாமி. இப்படி ஒரு மனிதர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் இந்த இனத்துக்கு எவ்வளவு கொண்டாட்டம் தெரியுமா? "என்ன மாப்ள, எலிக்குப் போயி பயந்துகிட்டு!" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

உள்ளே வேணி பரீட்சைக்கு வந்த பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் அப்பா, அந்தப் பக்கம் அம்மா, பின்வரிசையில் நான். விளக்கு அணைந்தது. எலி கண்ணடித்தது. ராக்கெட் ஒரு மலைக்குகைக்குள் புகுந்தது, நாற்காலி குப்புறச் சரிந்தது, பூனையின் வால் தெரிந்தது. வேணி "அம்மாடி!" என்றாள், அழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போதுதான், பூனை பக்கத்தில் வந்துவிட்டதென்று எச்சரிக்க, ராக்கெட்டில் சைரன் ஊதியது.

அவ்வளவுதான்.

"சைரன் ஊதிருச்சு! எல்லாரும் ஒதுங்கு! ஒதுங்குங்கய்யா! தலையக் குனி!" என்று இருட்டில் ஒரு குரல். கூடவே விசில். ஆமாம், மனிதர் அதைச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார்! எழுந்து ஓடப் பார்த்தார், பெல்ட் விடவில்லை. மகளின் தலையைப் பிடித்து மடியோடு அழுத்திக்கொண்டு, தன் தலையை முன்சீட்டுக்கு அடியில் நுழைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் விசில் ஊதினார்.

ரைடு நின்றது. விளக்கு எரிந்தது. சின்னதும் பெரிசுமாக அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆபரேட்டர் பையன் ஓடி வந்தான்.

"என்ன சார், என்ன ஆச்சு?"

குருமூர்த்தி மெல்ல நிமிர்ந்தார். விசிலைப் பைக்குள் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"ஒன்னுமில்ல தம்பி. புள்ள பயந்துட்டா. அதான் நிறுத்தச் சொன்னேன்."

வாசகரே, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. காலையில் சூடத்தை அடித்த கை அது! ராட்டினம் போதாதென்று அந்தப் பிள்ளை தலையில் இப்போது ராக்கெட்டும் ஏறப்போகிறது.

"பாப்பா, பயமா இருக்கா? இறங்கிக்கிறியா?" என்று ஆபரேட்டர் கேட்டான்.

வேணி கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை, அவர் நெற்றி வியர்வையைத்தான் பார்த்தாள்.

"நான் இறங்கலண்ணே. எங்கப்பாவ இறக்கி விட்டுருங்க."

முதலில் சிரித்தது கவிதா. பிறகு எல்லாரும். குருமூர்த்தி இறங்கிப் போனார். மறுபடி விளக்கு அணைந்தது, மறுபடி சைரன் ஊதியது, வேணி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பூனையையே விரட்டிவிடுகிற மாதிரி கத்தினாள். அப்படி ஒரு சந்தோஷக் கூச்சலை நான் கேட்டதில்லை.

வெளியே வந்தால், மனிதர் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றபடி மச்சினருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மிஷின்ல ஏதோ கோளாறு மாப்ள. நான் மட்டும் சத்தம் போடலன்னா என்ன ஆயிருக்கும்!"

"எனக்குப் பயம் மச்சான், அதான் ஏறல. நீங்க ஏன் இறங்கினீங்க?"

"எனக்குப் பசி."

மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் நானும் இருந்தேன். கடைக்கார வீரமணி கிளாஸைக் கழுவிக்கொண்டே, "என்னண்ணே, ரைடெல்லாம் எப்புடி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒன்னு..." என்று ஆரம்பித்தார் குருமூர்த்தி.

"ராட்டினம் அழுதுச்சா?"

பன் வாங்க வந்த வேணி, அப்பா பக்கத்திலேயேதான் நின்றாள். சுரங்கத்தில் குனிவார்களே, அந்த மாதிரி இரண்டு கையையும் தலைமேல் வைத்து லேசாகக் குனிந்து காட்டினாள். அவ்வளவுதான். குருமூர்த்தி டீயைக் கீழே வைத்தார்.

"அவ பேரு வேணி. அவ அழுவல" என்றார். "நான்தான் பயந்து இறங்கிட்டேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் அன்றைக்கு லிஃப்ட் நடுவில் நின்றபோது, யாரும் கேட்காமலே, "ஒன்னுமில்ல, கரண்ட்தான்" என்று உரக்கச் சொன்னவர் யார்? சொல்லிவிட்டு அத்தனை பட்டனையும் அமுக்கியவர் யார்? சரி, விடுங்கள். எதற்கும் அடுத்த முறை சிறுவாச்சூரில் வண்டி நின்றால் ஒரு தேங்காய் வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கு என்று நான் கேட்க மாட்டேன். பின்சீட்டில் இருக்கும் பிள்ளை கேட்கும்.