பாதிக் கையெழுத்தில் சிரிக்கச் சொன்னார்கள்

எனக்குக் கர்சிவ் எழுத வராது. ஆங்கில எழுத்துகளை ஒன்றோடொன்று கோத்து, பேனாவைத் தூக்காமல், வளைத்து வளைத்து எழுதுகிறார்களே, அது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. என்னிடம் இருந்த வெட்கம் அத்தனையும் என் கல்யாணத்தன்றே, கோயில் பீடத்துக்குப் பக்கத்தில், ஊரே பார்க்கச் செலவாகிவிட்டது.

முதலில் என் தரப்பு நியாயம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் நான் படித்த பள்ளியில், மூன்றாம் வகுப்பு வந்ததும் கர்சிவ் ஆரம்பிப்பது வழக்கம். நானும் நாலு கோடு நோட்டு வாங்கி, அட்டை போட்டு, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த வருடம் பார்த்து எங்கள் தாளாளருக்கு ஞானோதயம். சுற்றிலும் கம்பெனிகளாக வந்துவிட்டன, இனிமேல் யார் கையால் எழுதப்போகிறார்கள் என்று சொல்லி ரைட்டிங் பீரியடைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் பீரியட் போட்டுவிட்டார். (கம்ப்யூட்டர் இருந்தது மூன்று. அதில் ஒன்று சரஸ்வதி பூஜைக்கு மட்டும் துடைக்கப்படும்.) ஆக, கர்சிவும் போயிற்று, கம்ப்யூட்டரும் வரவில்லை. தனித்தனி எழுத்தாகவே எழுதி எழுதிப் பத்தாவது, டிப்ளமோ எல்லாம் முடித்தேன். எழுத்து ஒட்டிக்கொள்ளவில்லை என்று ஒருவரும் எனக்கு மார்க் குறைக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைன் இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்த பிறகு பேனாவே தேவைப்படவில்லை. உள்ளே நுழைய முகம், கேன்டீனுக்கு விரல், சம்பளம் வந்ததா என்று பார்க்க ஓடிபி. (ஒரு காலத்தில் கட்டைவிரல் வைத்தால் படிக்காதவர் என்றார்கள். இப்போது அதற்குப் பெயர் பயோமெட்ரிக்.)

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அருள், மறைமலை நகரில் கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப். தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு ஒரு அத்தை இருந்தார். விக்டோரியா அத்தை, சிங்கப்பெருமாள் கோவிலில் தன் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு ஹேண்ட்ரைட்டிங் கிளாஸ் நடத்துபவர். பள்ளிக்கூடங்கள் எல்லாம் கைவிட்ட கர்சிவைத் தான் ஒருத்திதான் தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பதாக அவருக்கு எண்ணம். அது உண்மையும்கூட.

எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசிப்பதற்கு முன்னால், பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலின் பங்கு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் வழக்கம்போலப் பெரிய எழுத்தில், தனித்தனியாக, பெனிட்டா என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கூட வந்திருந்த விக்டோரியா அத்தை அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றியும் பார்த்தார்.

"இன்னாமா இது? கையெழுத்து போடச் சொன்னா பேர எழுதி வெச்சிகிற?"

"அதான் அத்தே என் கையெழுத்து."

அவர் நகர்ந்து போனார். என் வருங்கால மாமியாரிடம் ரகசியமாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். டிப்ளமோ படித்த பெண் இப்படியா கையெழுத்துப் போடும், எதற்கும் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பார்த்துவிடுங்கள், நாலு எழுத்தைச் சேர்த்து எழுத வராதவள் குடும்பத்தை எப்படிச் சேர்த்து வைப்பாள் என்று. இரண்டு நாள் கழித்து அருள் போன் செய்தார். நிறைய இருமினார். கடைசியில், தன் அம்மா என் டிப்ளமோ சர்ட்டிபிகேட்டின் ஜெராக்ஸ் ஒன்று கேட்பதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். தண்டலம் வரை ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் பாதி உட்கார்ந்து, பாதி தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவள். அந்த ஜெராக்ஸ் என்னைச் சுட்டது. அழுதேன். பிறகு கோபம் வந்தது. ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷனே போட்டுக் கொடுத்தனுப்பினேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. விக்டோரியா அத்தையே வாயைப் பிளக்கிற மாதிரி கல்யாணத்தன்று கர்சிவில் ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

பெயரை டைப் செய்தால் போதும், விதவிதமான கையெழுத்தை வரைந்து கொடுக்கிற ஆப் ஒன்று இருக்கிறது. வந்ததில் எதற்கு வால் அதிகமோ அதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் எழுத்து இரண்டு வயிறோடு ஆரம்பித்து, நடுவில் நெளிந்து, கடைசியில் ஒரு கோடு கீழே இறங்கி, திரும்பி வந்து, பெயர் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி முடியும். லைனில் என் பக்கத்து சீட், திருநெல்வேலிக்காரி முத்துலட்சுமி. அவளிடம் காட்டினேன்.

"ஏட்டி, இது கையெழுத்தா இடியாப்பமா? ஒம் பேர எழுதுததுக்கு எதுக்குட்டி பயப்படுத? உள்ளத எழுதிட்டுப் போ."

கேட்கிற நிலையிலா இருந்தேன்? கம்பெனி பஸ்ஸில், கேன்டீன் டிஷ்யூவில், ரிஜெக்ட் ஸ்டிக்கரின் பின்பக்கத்தில் எல்லாம் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கை படிந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல். நான் கற்றுக்கொண்டது எழுத்தை இல்லை, படத்தை. இடப்பக்கம் ஆரம்பித்தால் மூச்சுவிடாமல் முடித்தாக வேண்டும். சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது நடுவில் நிறுத்தினால் மறுபடி ஓரோண் ஒன்றிலிருந்துதான் வருவார்கள். என் கையெழுத்தும் அந்த ரகம்.

கல்யாண நாள். திருப்பலி நல்லபடியாக நடந்தது, தாலியும் ஏறியது. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்த எங்கள் லைன் ஆட்கள் கடைசி பெஞ்சுகளில் பக்தியோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு, ஃபாதர் பதிவேட்டைத் திறந்து வைத்தார். அருள் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை வீட்டுச் சாட்சியாக விக்டோரியா அத்தை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நின்றார். நான் பேனாவை வாங்கினேன். இரண்டு வயிறும் அருமையாக விழுந்தன. நெளிவு பாதி வந்துவிட்டது.

"அக்கா, அப்டியே பேனாவ வெச்சிகினு இங்க பாருங்க. சிரிங்க."

போட்டோகிராபர். நான் அப்படியே நின்றேன், சிரித்தேன். இன்னொன்று என்றான். அருளைக் கிட்டே வரச் சொன்னான். லைட் பையனைத் தள்ளி நிற்கச் சொன்னான். என் பேனாவின் கீழே மை ஒரு உளுந்து அளவுக்கு ஊறிப் பரவியது. கடைசியில் அவன் எழுதச் சொன்னபோது குனிந்து பார்த்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏறுகிற நெளிவா, இறங்குகிற நெளிவா?

கை தன்னிஷ்டத்துக்குப் போக ஆரம்பித்தது. கோடு கட்டத்தைத் தாண்டியது, அருளின் பெயர் மேலேறியது, சாட்சிக்கான கட்டத்துக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றியது. பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, நான் முடிக்கவில்லை என்று கண்டு, அதையே மறுபடி ஆரம்பித்தது. ஃபாதர் குனிந்தார். அவர் சட்டையில் மைக் மாட்டியிருந்தது.

"என்னம்மா, கையெழுத்துதான போடற? படம் கிடம் வரையலையே?"

கோயில் முழுக்கக் கேட்டது. நைட் ஷிஃப்ட் விழித்துக்கொண்டது.

பதிவேட்டில் பக்கத்தைக் கிழிக்க முடியாது. ஃபாதர் அந்த இடியாப்பத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். என் பழைய விண்ணப்பத்தைப் பதிவேட்டுக்குள்ளிருந்து எடுத்து, என் கையெழுத்து இதுதானே, இதையே கீழே போடு என்றார். விக்டோரியா அத்தை அவர் பக்கம் சாய்ந்து, அது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் எழுதுகிற எழுத்து ஃபாதர், நான் அன்றைக்கே சொன்னேன் என்றார். மைக் அதையும் விடவில்லை.

முதல் பெஞ்சில் என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணப் பெண் என்பதே மறந்துவிட்டது. நிதானமாக, பெரிய எழுத்தில், ஒன்றுக்கொன்று இடம் விட்டு என் பெயரை எழுதினேன். பேனாவை அத்தையிடம் நீட்டினேன்.

"அத்தே, இத கோயில்ல கீற யாரும் படிச்சிடுவாங்க. நீங்க போடுங்க. அத யார்னா படிக்கட்டும்."

(இதுவும் மைக்கில்தான்.)

அத்தை போட்டார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வைத்த பேனா ஒரு தடவைகூட மேலே எழவில்லை. இல்லாததைச் சொல்லக் கூடாது. ஃபாதர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். சாட்சியின் கையெழுத்தைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி வைத்தும் பார்த்தார். புது ஃபாதர், பாவம், எங்கள் பங்குக்கு வந்தே சில மாதம்தான்.

"உங்க பேரு என்னம்மா? புரியல. கீழ பெரிய எழுத்துல தனித்தனியா எழுதிடுங்க."

பாடகர் குழுவால் பாட முடியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து முத்துலட்சுமி விசிலடித்தாள். கோயிலில் விசிலடித்ததற்கு ஃபாதர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார்.

பெண்ணின் கையெழுத்து முதலில் பிழையானதால் மீண்டும் இடப்பட்டது என்று பதிவேட்டின் ஓரத்தில் ஃபாதர் குறிப்பு எழுதி வைத்தார். அது போதுமே அருளின் தம்பிகளுக்கு. கல்யாணத்திலேயே அரியர் வைத்து, ரெண்டாவது அட்டெம்ப்டில் பாஸ் பண்ணியவள் என்று எனக்கு 'அரியர் அண்ணி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். பாஸ்போர்ட்டிலும் வீட்டு வாடகை ஒப்பந்தத்திலும் அதே பெரிய எழுத்துதான் போட்டிருக்கிறேன். கர்சிவ் அழிவதால் பண்பாடே அழிகிறது என்று விக்டோரியா அத்தை வாரம் தவறாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறார். டைப் செய்துதான் போடுகிறார். பள்ளிக்கூடங்கள் அதைச் சொல்லிக்கொடுக்கட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? என்னிடமிருந்து அதைப் பிடுங்கியது நானில்லையே. பிடுங்கியவரை விட்டுவிட்டு என்னிடம் ஜெராக்ஸ் கேட்டால் எப்படி?

போன மாதம் அருளின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். அதே கோயில், அதே மேசை. பேனாவைக் கையில் வாங்கிய புதுப்பெண் முகம் வெளுத்து, பக்கத்தில் நின்ற என் காதில், அக்கா, எனக்குக் கர்சிவ் வராது, என்ன போடுவது என்றாள். உன் பேரைப் போடு என்றேன். போட்டாள், பெரிய எழுத்தில், தனித்தனியாக. விக்டோரியா அத்தை வாயைத் திறந்தார். அதற்குள் என் மாமியார், அன்றைக்கு ஜெராக்ஸ் கேட்ட அதே மாமியார், முந்திக்கொண்டார்.

"வுடு விக்டோரியா. படிக்க நல்லாத்தான கீது."

ஆக, குடும்பத்தில் இப்போது அரியர் கேஸ் இரண்டு. இன்னும் ஒருத்தி வந்தால் சங்கம் ஆரம்பித்துவிடுவதாக இருக்கிறோம்.