கட்டம் கட்டமாக ஒரு கடிதம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான் என்று பெருமை பேசுகிறார்கள். பேசட்டும். 'அழி' என்ற பொத்தானைக் கண்டுபிடித்த பிறகுதான் அவன் ஓர் அலுவலகம் நடத்தவே தகுதி பெற்றான் என்பது என் தாழ்மையான கருத்து. குடிநீர் வாரியத்தின் குறைதீர்ப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகக் கண்காணிப்பாளராக இருப்பவன் சொல்கிறேன்.

எங்கள் மின்னஞ்சல் பெட்டியில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு புகார் கூடத் தங்கியதில்லை. வெள்ளிக்கிழமை மேலிடத்து ஆய்வு. பெட்டி காலியாக இருந்தால் மேலாளருக்குப் பதவி உயர்வு நிச்சயம். அப்படிப்பட்ட வாரத்தின் திங்கட்கிழமை காலையில்தான் அந்தச் சனியன் வந்து சேர்ந்தது.

திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, நடுநடுவே கேள்விக்குறிகள். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். அழித்தேன். போனது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பதினாலு தடவை அழித்தேன். பதினாலு தடவையும் வந்தது.

கணினிக்காரரைக் கூப்பிட்டோம். தலையைச் சொறிந்தார்.

"சார், இது உடைஞ்சு போன மெயில். முழுசா இருந்தாத்தான் அழியும். இது பாதிதான் இருக்கு."

"அந்தப் பாதியை மட்டும் அழியேன்பா."

"எந்தப் பாதின்னு அதுக்கே தெரியல சார்."

மேலாளர் அவசரக் கூட்டம் போட்டார். அந்த மெயிலைச் சுவரில் பெரிதாகக் காட்டி, ஒன்றரை மணி நேரம் எல்லோரும் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மனுவை நாங்கள் அவ்வளவு நேரம் பார்த்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

"யாருக்காவது ஏதாவது புரியுதா?" என்றார் மேலாளர்.

யாருக்கும் புரியவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! ஒரு வரி கூடப் புரியலைன்னா இது மேலிடத்து உத்தரவேதான்யா!"

என்ன கூர்மை! எங்களுக்கு ஏன் இது தோன்றவில்லை? 'தங்கள் மேலான கடிதம் கண்டோம். கோரியபடியே உடனே செய்யப்படும்' என்று பறந்தது பதில். கோப்பிலும் 'உடனே செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மேலாளர். என்ன செய்வது என்பது மட்டும்தான் பாக்கி.

மறுநாள் காலை, கழுத்தில் அளவு நாடாவோடு தையற்கார அம்மா ஒருவர் ஓடி வந்தார். கையில் கண்ணாடி கீறிய பழைய போன். அதில் எங்கள் பதில்.

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும்! குழாயில தண்ணி வந்து நாப்பத்தோரு நாளாச்சு. மருமக நிறைமாசம். அடுத்த தெருவுலேருந்து தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு. புள்ளை பொறக்கறதுக்குள்ள தண்ணி வருமான்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். 'மேலான கடிதம்'னு எழுதியிருந்தீங்களா, அழுதே போயிட்டேன்."

"வெறும் தண்ணியா?" என்றார் மேலாளர், ஏமாந்த குரலில்.

ஆனால் கையெழுத்து கையெழுத்துதானே! குழாய்க்காரரை அப்போதே அனுப்பினோம். மதியத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கணினியில் 'குறை தீர்ந்தது' என்று பதிந்ததும் கட்டங்கள் தாமாகவே மறைந்தன. ஒரு புகாரை ஒழிக்க அப்படியும் ஒரு வழி இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் நன்றி சொல்ல வந்த அந்த அம்மா, வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஒண்ணு கேக்கலாமாய்யா? இது என் ஓட்டை போன்ல அனுப்பினது, எழுத்தெல்லாம் உடைஞ்சு போச்சு. இதுக்கு முன்னாடி மருமக போன்லேருந்து முத்து முத்தா ஒன்பது மெயில் அனுப்பினேனே, அதெல்லாம் உங்களுக்குப் புரியலையா?"

எனக்குச் சுருக்கென்றது. வேலை தெரியாதவர்கள் என்று எங்களை நினைத்துவிட்டாரே!

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நல்லாப் புரிஞ்சுதே! புரிஞ்சதாலதான் அன்னன்னிக்கே அழிச்சுட்டோம்."