'வெட்கமென்ன, ஓட்டு!' திட்டத்தின் மகத்தான வெற்றி

பூர்வகுடி இளைஞர் முன்னேற்றத்தின் வரலாறு என்றைக்காவது எழுதப்படுமானால், அதில் முல்லண்டாரா இளைஞர் மையத்துக்கு ஒரு தனி அத்தியாயமும், அந்த அத்தியாயத்தில் எனக்கு ஒரு முழுப்பக்கப் படமும் இருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படம்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

என் பெயர் வெர்ன் ஹூப்பர். பதவி, 'இளைஞர் ஈடுபாடு மற்றும் வழித்தட ஒருங்கிணைப்பாளர்'. ஊரில் யாரும் இதை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சின்னவர்களுக்கு நான் வெர்ன் மாமா, பெரியவர்களுக்கு 'டேய் வெர்ன்'. முல்லண்டாராவில் இருக்கும் நானூறு பேரில் முந்நூறு பேர் பூர்வகுடிகளான எங்கள் மர்ரி ஜனங்கள். அதில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வழியில் எனக்குச் சொந்தம். ஆகவே நான் எதைச் சொதப்பினாலும் குடும்ப விஷயமாகவே அடங்கிவிடும். இந்த வேலையில் உள்ள பெரிய சௌகரியம் இதுதான்.

எங்கள் மையத்தின் முற்றத்தில் செதுக்கிய மணற்கற்களால் ஆன 'உரையாடல் வட்டம்' ஒன்று உண்டு. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது நோக்கம். கோடையில் அந்தக் கல்லில் உட்கார்ந்தால் மனத்தை விடுவதற்கு முன்னால் தோல் விட்டுவிடும். அதனால் பிள்ளைகள் கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டில், நிழலில், மனம்விட்டுப் பேசுகிறார்கள். இந்தப் 'பங்கேற்புக் குறைபாட்டை'க் களைய நான் ஒரு பயிலரங்கு நடத்தினேன். வெயில் அதிகம் என்பதால் பயிலரங்கும் பின்பக்கப் படிக்கட்டிலேயே நடந்தது.

ஆனால் எங்கள் மணிமகுடம் அந்தக் கார்தான்.

எங்கள் மாநிலத்தில் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர் லைசென்ஸ் வாங்க வேண்டுமானால், முழு லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நூற்றிருபது மணி நேரம் கார் ஓட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்தையும் ஒரு புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் ஊரில் கார் இருப்பவரிடம் லைசென்ஸ் இருக்காது. லைசென்ஸ் இருப்பவரிடம் கார் இருக்காது. இரண்டும் இருப்பவரிடம் பொறுமை இருக்காது. இந்தக் குறையைப் போக்கத்தான் அரசு எங்களுக்கு ஒரு வெள்ளை டொயோட்டாவைக் கொடுத்தது. அதன்மேல் நதியும் உடும்பும் வரைந்து, பக்கவாட்டில் 'வெட்கமென்ன, ஓட்டு!' என்று எழுதினோம். எங்கள் பிள்ளைகளைப் பாதி வழியில் நிறுத்துவது வெட்கம்தான். கையைத் தூக்கக் கூச்சம், முன்னால் வரக் கூச்சம், தப்பு செய்துவிடுவோமோ என்று கூச்சம். 'ஐயோ, வெட்கம்' என்று ஒருத்தி சொல்லிவிட்டால் பத்துப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். அதை ஒழிக்கப் பிறந்தது இந்தத் திட்டம்.

இத்தகைய திட்டத்தின் முன்னேற்றத்தை அரசுக்கு நேரில் விளக்க வேண்டாமா? அதற்காக மாதம் இரண்டு மூன்று முறை நான் அரசு அலுவலகம் இருக்கும் டப்போ நகருக்குப் போவேன். போக நாலரை மணி நேரம், வர நாலரை மணி நேரம். அந்தக் காரில்தான் போவேன், நானே ஓட்டிக்கொண்டு. கார் சும்மா நிற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

நவம்பரில் டெனீஷா என் அறைக்கு வந்தாள். பதினேழு வயது, என் பெரியப்பா மகளின் பெண். பாரில்கா மருத்துவ நிலையத்தில் பல் டாக்டருக்கு உதவியாளராகப் பயிற்சி வேலை கிடைத்திருந்தது. பாரில்கா எண்பது கிலோமீட்டர். பஸ் கிடையாது. பிப்ரவரி முதல் திங்கட்கிழமை லைசென்ஸோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்கு.

"அறுபத்து மூணு மணி நேரம் ஆயிருக்கு மாமா. இன்னும் அம்பத்தேழு வேணும்," என்றாள். "மையத்துக் காருல ஓட்டலாமா?"

"கண்டிப்பா ஓட்டலாம். அதுக்குத்தானே கார்," என்றேன். "நீ முதல்ல திட்டத்துல சேரணும்."

"சேந்துட்டேன். போன வருஷமே ஃபாரம் கொடுத்தேன்."

"அது பதிவு. சேர்க்கை வேற. சேர்க்கைக்கு முன்னாடி அறிமுக வகுப்பு இருக்கு."

"எப்ப?"

"குறைஞ்சது ஆறு பேர் சேந்தாத்தான் வகுப்பு நடக்கும். இப்ப நீ ஒருத்தி."

"மத்தவங்க?"

"ரெண்டு வருஷமா வகுப்புக்காகக் காத்திருந்து, சலிச்சுப் போய் விலகிட்டாங்க."

"சரி, நிர்வாகக் கூட்டத்துல கேளுங்க மாமா," என்றாள். நம் பிள்ளைகள் அமைப்புகளை நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

டிசம்பர் கூட்டத்தில் அவள் கோரிக்கையை நான்காவது பொருளாக வைத்தேன். எங்கள் கூட்டங்கள் இந்த மண்ணின் மூத்தோருக்கு வணக்கம் சொல்லித்தான் தொடங்கும். எங்கள் மண், எங்கள் மூத்தோர், சொல்லத்தான் வேண்டும். ஆனால் யார் வாயைத் திறந்தாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்ற விதி நான் கொண்டுவந்தது. அரசின் சார்பில் காணொளித் திரையில் தோன்றும் பிலிப்பா அம்மையார் ஒவ்வொரு வணக்கத்துக்கும் தலையசைத்துக் குறிப்பெடுப்பதைக் கவனித்த நாளிலிருந்து அந்த விதி.

அன்று பதினொரு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். மேசையின் தலைமாட்டில் தலைவி ஐலீன் அத்தை பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பார்வை மங்கி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தவர். காது மட்டும் கூர்மை.

பொருளாளர் ஆறாவது ஆளாக எழுந்தார். "இந்த மண்ணின் நேற்றைய மூத்தோருக்கும் இன்றைய மூத்தோருக்கும்..."

"இன்னைக்கு மூத்தவ நான்தாண்டா," என்றார் ஐலீன் அத்தை. "அஞ்சு வணக்கம் வந்து சேந்துடுச்சு. எனக்கே போதும் போதும்னு ஆயிடுச்சு. விஷயத்துக்கு வா."

"அத்தை, நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு," என்றேன்.

"உன் நடைமுறையத் தூக்கி அடுப்புல போடு. அந்தப் பொண்ணு பக்கத்துல ஒருத்தன் உக்காரணும். அவ்வளவுதானே? உனக்கு லைசென்ஸ் இருக்கு. உனக்குப் பின்பக்கம் இருக்கு. போய் உக்காரு."

"அதற்குப் பதில் சொல்வதற்கு முன், இந்த மண்ணின் மூத்தோருக்கு..."

"எனக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி எனக்கே வணக்கமாடா?"

பதினொன்றாவது வணக்கம் முடிவதற்குள் இணைப்புக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்து பிலிப்பா அம்மையார் திரையிலிருந்து மறைந்தார். டெனீஷாவின் கோரிக்கை ஒரு துணைக்குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. துணைக்குழுவில் நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை. இரண்டு முறை கூடினேன், கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

இதற்கிடையில் வருந்தத்தக்க ஒரு சம்பவம் நடந்தது. பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோகும் ராய்ஸ் என்ற வெள்ளைக்காரக் கிழவர், டெனீஷாவைத் தன் வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டார். அவரிடம் திட்டம் இல்லை, கையேடு இல்லை, சின்னம்கூட இல்லை. வாரம் இரண்டு நாள், மண்சாலையில் போக மூன்று மணி, வர மூன்று மணி. வழியெல்லாம் பண்ணைக் கேட்டுகள். ஓட்டுகிறவர் இறங்கக் கூடாது என்பது அங்கே வழக்கம் என்பதால் கிழவர்தான் ஒவ்வொரு கேட்டுக்கும் இறங்கித் திறந்து மூடினார். ஏறும்போதெல்லாம் முழங்காலைத் திட்டுவாராம். புத்தகத்தில் ஒழுங்காகக் கையெழுத்தும் போட்டார்.

"மணி நேரத்தைக் கூட்டி எழுதித் தரவான்னு கேட்டாரு மாமா," என்றாள் டெனீஷா ஒருநாள். "வேணாம்னுட்டேன். எங்க சித்தப்பா அப்படித்தான் லைசென்ஸ் வாங்கினாரு. அவரு காரு இன்னும் ஆத்துக்குள்ளதான் நிக்குது."

முறைப்படி மேற்பார்வை இல்லாத இந்தச் செயல்பாட்டைப் பற்றி நான் அறிக்கையில் கவலை தெரிவித்தேன்.

ஜனவரி நடுவில் ராய்ஸ் கடற்கரைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். டெனீஷாவின் புத்தகத்தில் நூற்றுப் பதினொரு மணி நேரம். பாக்கி ஒன்பது. ஓட்டுநர் தேர்வு நடத்துபவர் எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை வருவார். அந்த மாதம் அவர் வருவது கடைசி வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கள் வேலை.

அந்த வாரப் புதன்கிழமை மாலை அவள் மூச்சு வாங்க வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

"மாமா, நாளைக்கு டப்போ போறீங்களாமே?"

"ஆமா. நம்ம திட்டத்துக்குப் பாராட்டு விழா. கேடயம் தர்றாங்க."

"நான் ஓட்டுறேன். போக நாலரை, வர நாலரை. ஒம்பது மணி நேரம், மாமா. சரியா ஒம்பது. நீங்க சும்மா பக்கத்துல உக்காந்து தூங்குங்க."

"தூங்கக் கூடாது, மேற்பார்வையாளர் விழிச்சிருக்கணும். பதிமூணாவது விதி."

"சரி, முழிச்சிருங்க. பாட்டு நீங்களே போட்டுக்கோங்க. நான் பேசவே மாட்டேன்."

நான் காரணங்களைத் தேடினேன். பழகுபவர் தொண்ணூறுக்கு மேல் ஓட்டக் கூடாது என்றேன். நானும் தொண்ணூறில்தான் போகிறேன், அதனால்தான் நாலரை மணி என்று அவளுக்குத் தெரியும். அறிமுக வகுப்பு நடக்கவில்லை என்றேன். வழியில் நன்றியுரையைச் சத்தமாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்றேன்.

"என்கிட்டப் பேசிப் பாருங்க, நான் கை தட்டுறேன்," என்றாள்.

உண்மைக் காரணத்தை இங்கே மட்டும் சொல்கிறேன். விழா மண்டப வாசலில் அரசு அதிகாரிகள் நிற்பார்கள். என் கார் வந்து நிற்கும். முன்னும் பின்னும் 'எல்' பலகை மாட்டியிருக்கும். ஓட்டும் இடத்தில் ஒரு சின்னப் பெண், பக்கத்தில் சவாரி வந்த மூட்டை மாதிரி நான். ஒருங்கிணைப்பாளர் எங்கே என்று யாராவது கேட்டுவிட்டால்? எனக்கு வெட்கமாக இருந்தது.

"அடுத்த தடவை பாக்கலாம்மா," என்றேன்.

"அடுத்த தடவை எனக்கு எதுக்கு மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை தனியாகவே ஓட்டிப் போனேன். பக்கத்து இருக்கையில் என் கோட்டை வைத்திருந்தேன். விழா சிறப்பாக நடந்தது. பிலிப்பா அம்மையாரை அன்றுதான் முதல் முறையாக இடுப்புக்குக் கீழேயும் பார்த்தேன். அவர் மேடையில் அறிவித்தார்: "இந்தத் திட்டத்தின் கார் ஒரே ஆண்டில் இருநூற்று எழுபது மணி நேரம் ஓடியிருக்கிறது!" மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. அத்தனை மணி நேரமும் ஓட்டியவன் நான் என்பதால் நானும் அடக்கத்தோடு தட்டினேன். திரும்பி வரும் வழியில் மனம் சும்மா இராமல் கணக்குப் போட்டது. இரண்டு பிள்ளைகள் லைசென்ஸ் வாங்கத் தேவையான மணி நேரம், அதற்கு மேலும் முப்பது மணி நேரம் மிச்சம். நாலரை மணி நேரம் அந்தக் கணக்கைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வு நடத்துபவர் வந்தார், போனார். பாரில்கா வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. டெனீஷாவுக்கு ஜூலையில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்தது. நான் உடனே செயலில் இறங்கி, 'ஏமாற்றத்தை எதிர்கொள்வது எப்படி' என்ற பயிலரங்கை அறிவித்தேன். ஐலீன் அத்தை, அதில் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் பார்வையாளர் வரிசையில்தான் உட்காருவாள் என்றார்.

மார்ச்சில், அடுத்த ஆண்டுக்கும் காரை நீட்டிக்க, 'பயனாளர் கருத்துப் படிவம்' கேட்டு சிட்னியிலிருந்து கடிதம் வந்தது. ஒன்றே ஒன்று நிரம்பி வந்தது, டெனீஷாவுடையது. 'லைசென்ஸ் பெறுவதில் உங்களுக்குள்ள மிகப் பெரிய தடை எது?' என்ற கேள்விக்குக் கீழே கட்டங்கள்: தூரம், வறுமை, போக்குவரத்து வசதியின்மை, வரலாற்று அநீதி. எல்லாம் எங்கள் வாழ்க்கையில் உள்ளவை, பொய்யில்லை. அவள் கடைசிக் கட்டமான 'மற்றவை'யில் குறியிட்டு, பக்கத்தில் இருந்த கோட்டில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: வெர்ன் மாமா.

அப்போதும் மாமா என்பதை விடவில்லை பாருங்கள். நாங்கள் வளர்த்த பிள்ளை அப்படி.

படிவத்தின் அடியில், 'மேலே கண்டவை யாவும் உண்மை எனச் சான்றளிக்கிறேன்' என்ற வரிக்கு நேராக ஒருங்கிணைப்பாளருக்கு ஓர் இடம் இருந்தது. அரை நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஏழு ஆண்டுப் பணியில் உண்மையான ஒரு தாளில் நான் கையெழுத்திட்டது அதுதான் முதல் தடவை.