நாலு வார்த்தைக்குப் பேசிய விலை

“இனிமே இந்த வீடு தானா ஓடும்” என்று றோலண்ட் நடு வீட்டில் நின்று அறிவித்தார்.

“எங்க ஓடும்?” என்றாள் அந்தோனியம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

டிக்கோயாவில் றோலண்டைத் தெரியாத பழைய பிரிட்ஜ் கிடையாது. பங்களாக்களில் கழித்துப் போடும் டிவி, மோட்டர், ஸ்பீக்கர் எதுவானாலும் அடிமாட்டு விலைக்கு வாங்கி, தன் பழைய லொறியில் ஏற்றி வந்து, துடைத்து, யானை விலைக்கு விற்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டது. அதற்குப் பிறகு ஏமாற்றிய ஒவ்வொருவனும் அவருக்கு ஒரு வகுப்பு எடுத்தான். அந்தப் படிப்பில் கற்ற முதல் பாடம்: பேரத்தில் முதலில் ‘சரி’ சொல்பவன் தோற்றவன். முப்பது வருட இல்லறத்திலும் அதே சட்டம்தான். மனைவியிடம் அவர் கடைசியாகச் சம்மதம் சொன்னது கோயிலில், கலியாணத்தன்று. அதையும் பாதர் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

அந்தோனியம்மாவும் லேசுப்பட்டவள் அல்ல. தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் கங்காணியாக இருந்தவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேரைக் கொடுத்துவிட்டு வேலைக்கு வராமல் நழுவுகிறவர்களை, எந்தத் தேயிலைச் செடிக்குப் பின்னால் பதுங்கினாலும் கண்டுபிடித்து, அரைப்பேரு போட்டு அரைநாள் சம்பளத்தோடு அனுப்பியவள். போன வருடம் ஓய்வு பெற்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்கு, பக்கத்து வீட்டு யூஜினாவோடு சேர்ந்து மலையடிவாரத்து நல்லதண்ணியில் ஒரு கடை போட வேண்டும். பிளேன்டீ, ரொட்டி, கம்பளிக் குல்லா. மார்கழிப் பௌர்ணமிப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை ஐந்து மாதம். முதலுக்குப் பணம் அவளிடமே இருந்தது. இல்லாதது றோலண்டின் ஒரு வார்த்தை.

அந்த வார்த்தை இல்லாமல் யூஜினா அசையமாட்டாள். “அண்ணன் சரின்னு சொல்றத என் காதால கேக்கணும் அக்கா. இல்லாட்டி நடுச் சீசன்ல வந்து கடைய ஒதச்சித் தள்ளுவாரு.”

யூஜினாவின் பயத்தில் நியாயம் இருந்தது. போன வருடம் ஆண்டியப்பன் சலூனில் கெரம் விளையாடும்போது ஒரு சிவப்புக் காய்க்காக வாய்த் தகராறு. றோலண்ட் போர்டைத் தூக்கி அடித்தார். போர்டு இரண்டாகப் போனது. ஆண்டியப்பனுக்கு நெற்றியில் மூன்று தையல். அன்றே மாதா சொரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, இனிக் கெரம் தொடமாட்டேன் என்று அந்தோனியம்மா சத்தியம் வாங்கிவிட்டாள்.

கடைப் பேச்சு வரும்போதெல்லாம் றோலண்டின் பதில் ஒன்றுதான். “முடியாது. வீட்ட யாரு பாக்குறது?”

இப்போது ஆண்டியப்பன் சலூனில் பத்து நாள் கெரம் போட்டி. மாலை ஐந்து முதல் ஏழு வரை. தையல் ஆறிய ஆண்டியப்பனே ஜோடிக்குக் கூப்பிட்டான். ஆனால் அந்த ஐந்து மணிக்குத்தான் றோலண்டுக்கு வீட்டில் ஆயிரம் வேலை. தண்ணி மோட்டர் போட வேண்டும், வாசல் லைட் போட வேண்டும், குளிக்க வெந்நீர் ஏற்ற வேண்டும், அந்தோனியம்மாவின் நாடகத்துக்கு டிவியைத் திருப்ப வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும்.

அதனால்தான் வீடு தானாக ஓட வேண்டியதாயிற்று.

அட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தனுஷனிடம் போனார். தனுஷன் எழுபத்தையாயிரம் கேட்டான். றோலண்ட் எழுந்து போனார். திரும்பி வந்தார். மறுபடி எழுந்து போனார்.

“சும்மா நடக்காதீங்கண்ணே, செருப்பு தேயும்” என்றான் தனுஷன். “ஒங்க கடையில கெடக்குற பழைய லெப்டொப் ஒண்ணு குடுங்க. அதான் வீட்டுக்கு மூள. ஸ்பீக்கரும் பழசே போதும். சுவிட்சு மட்டும் புதுசு போடுவோம். எல்லாம் வீட்டுக்குள்ளயே வேல செய்யும். மழைக்கு நெட் போனாலும் வீடு நிக்காது. கரண்ட் போனா பேட்டரி.”

முப்பத்தெட்டாயிரத்துக்கு முடிந்தது. அதற்குப் பிறகு றோலண்ட் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, இன்னொன்னு. எங்க வீட்டுப் பின்னறக் கதவுக்கு வெளிய ஒங்க அண்ணி வந்து பேசுனா, உள்ள இருந்து என் கொரல் பதில் சொல்லணும்.”

“என்ன பதில்ணே?”

றோலண்ட் யோசித்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு புருசனுக்கு எத்தனை வார்த்தை தேவைப்படும்?

“ம். பார்ப்போம். ஆகட்டும். சரி.”

“ஒங்க வாயில ‘சரி’யா?”

“சோறு ஆறுதுன்னு கூப்பிடுவா. அதுக்கு வேற என்னத்தச் சொல்றது?”

“அப்ப முடியாதுன்னும் ஒண்ணு சேத்துக்குவோம். ஒரு வார்த்தைக்கு ஐநூறு.”

“நாலு எடுத்தா அஞ்சாவது சும்மா குடு.”

“கட்டாதுண்ணே.”

“அப்ப வேணாம். முடியாதுன்னு சொல்ல மிசின் எதுக்குடா? அத நானே நேர்ல சொல்லிக்குவேன்.”

ஐநூறு ரூபாய் மிச்சம். பஸ்ஸில் டிக்கோயா வரும் வரைக்கும் றோலண்ட் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். யூஜினாவையும் கூப்பிட்டிருந்தார். ஐந்து மணிக்கு மோட்டர் தானாக உறுமியது. தொட்டி நிறைந்ததும் தானாக நின்றது. வாசல் லைட் எரிந்தது. வெந்நீர் சூடேறியது. டிவி தானே கண் விழித்து நாடகத்துக்குத் திரும்பியது.

“மந்திரம் மாதிரி இருக்குண்ணே” என்றாள் யூஜினா.

“மனுசரே இல்லாம ஆறு மாசம் ஓடும்” என்றார் றோலண்ட்.

“அப்ப வீட்டப் பாக்க ஆளு தேவையில்ல” என்றாள் அந்தோனியம்மா. “நான் நல்லதண்ணிக்குப் போகலாம்ல?”

இதை றோலண்ட் எதிர்பார்க்கவில்லை. ஆனால் முப்பது வருடப் பேரக்காரர்.

“முடியாது. மிசினப் பாக்க ஆளு வேணும்ல?”

மறுநாள் முதல் அவர் பின்னறையில் புகுந்துகொண்டார். “கரண்ட் வேல நடக்குது. உள்ள வந்தா ஷொக் அடிக்கும். பேசணும்னா கதவுகிட்ட நின்னு பேசு.” கதவைப் பூட்டினார். மிசினைப் போட்டார். கொல்லைக் கதவு வழியாகச் சலூனுக்கு நடந்தார். ஏழு மணிக்கு அதே வழியில் வந்து, மிசினை நிறுத்தி, கொட்டாவி விட்டபடி முன்னால் வந்தார்.

அந்தோனியம்மா சோறு போட்டாள்.

இப்படியே ஒன்பது நாள். ஒரு நாள் கரண்ட் போயும்கூட மிசின் நிற்கவில்லை. றோலண்டுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. “ஆண்டி, ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்குறது இந்த ஊருல நான் ஒருத்தன்தான்” என்று சொல்லிச் சொல்லிக் காயைத் தட்டினார்.

பத்தாம் நாள் இறுதி ஆட்டம். கடைசியில் சிவப்புக் காய் றோலண்டின் விரலுக்கு அடங்கிப் போய்க் குழியில் விழுந்தது. முதல் பரிசு ஜோடிக்கு ஆளுக்கொரு ரைஸ் குக்கர். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னறையில் பழைய பெட்டிகளுக்கு நடுவில் அதைப் பதுக்கினார். அந்த அவசரத்தில் மிசினை நிறுத்த மறந்தார். கொட்டாவியை வரவழைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

முன்னறையில் இரண்டு பெரிய டீக் கேத்தல், ஒரு ரொட்டிக் கல், ஒரு கட்டுக் கம்பளிக் குல்லா. அவற்றை யூஜினா எண்ணிக்கொண்டிருந்தாள்.

“என்ன இது?”

“கடச் சாமான்” என்றாள் அந்தோனியம்மா.

“எந்தக் கட?”

“நீங்க சரின்னு சொன்ன கட.”

“நான் எப்ப சொன்னேன்?”

“ஆறு மணிக்கு. கதவுகிட்ட நின்னு கேட்டேன்.”

“என் காதால கேட்டேண்ணே” என்றாள் யூஜினா. அவள் கண் கலங்கியிருந்தது. “தெளிவா சொன்னீங்க. கடை எடத்துக்கும் போன்ல சொல்லிட்டோம். நாளைக்கு ஒங்க லொறியிலயே சாமான ஏத்துறோம்.”

“அது நான் இல்ல” என்றார் றோலண்ட்.

“வேற யாரு?” என்று அந்தோனியம்மா அமைதியாகக் கேட்டாள். “நீங்க உள்ளதான இருந்தீங்க?”

றோலண்ட் மனதுக்குள் கணக்குப் போட்டார். உள்ளே இருந்தேன் என்றால் கடை. இல்லை என்றால் கெரம், மாதாவுக்கு முன்னால் செய்து மீறிய சத்தியம்.

அந்தோனியம்மா அவர் பக்கத்தில் வந்து, யூஜினாவுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“ரெண்டாம் நாளே தெரியும். நீங்களாவது சரி சொல்றதாவது. பெறகு பாத்தா நாலு வார்த்ததான், வரிசையா சுத்துது. இன்னைக்கு யூஜினாவ நிப்பாட்டி வச்சிக்கிட்டு முதல்ல சோத்தக் கேட்டேன், பெறகு கொழம்பக் கேட்டேன், மூணாவதா மழயக் கேட்டேன். நாலாவதாத்தான் கடயக் கேட்டேன். மலையில எத்தன பேரப் புடிச்சிருக்கேன். கொரல் மட்டும் வேலைக்கு வந்து ஆளு வரலைன்னா அரைப்பேருதாங்க.”

“அந்தோனி…”

“கொல்லப் பக்கமா நீங்க தூக்கிட்டு வந்தத பாத்தேன். அந்தக் குக்கர ஒளிக்காதீங்க. அஞ்சு மாசத்துக்கு ஒங்களுக்குத்தான் வேணும்.”

அதோடு றோலண்டுக்குக் கோபம் ஏறிவிட்டது. சாதாரணப் பேச்சு அந்தத் தூரத்தில், நிறுத்தாமல் விட்ட பின்னறை மிசினுக்குக் கேட்காது. றோலண்டின் கத்தல் டிக்கோயா ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்கும்.

“யாரக் கேட்டு முடிவெடுத்தீங்க?”

பின்னறையிலிருந்து அவருடைய குரலே பதில் சொன்னது. “ம்.”

யூஜினா திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு றோலண்டின் மூடிய வாயைப் பார்த்தாள்.

“நான் லொறி தரமாட்டேன்.”

“பார்ப்போம்” என்றது பின்னறை.

“கடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாமானக் கொண்டு போய்க் குடுங்க.”

“ஆகட்டும்.”

யூஜினா குல்லாக் கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. றோலண்ட் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாழ்நாளெல்லாம் அவரைக் காப்பாற்றிய, ஐநூறு ரூபாய்க்கு வேண்டாம் என்று விட்டுவந்த, அந்த ஒரு வார்த்தையை முழுப் பலத்தோடு சொன்னார்.

“முடியாது.”

“சரி” என்றது பின்னறை.